தீர்ப்புக்குப் பிறகு கிடைத்த காகிதம்: கொலை வழக்கு மேல்முறையீடு குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் மேல்முறையீட்டில் புதிய சாட்சியம் கொடுக்க முடியுமா என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். "முடியும், ஆனால் கடினம்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், வேலூரிலிருந்து பாளையங்கோட்டை வரை மத்திய சிறை வாசலில் மனு எழுதிக்கொண்டு காத்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் இந்தப் பகுதியைப் படிக்கின்றன போலிருக்கிறது. ஆகவே இந்த இதழ் முழுக்க அதே விஷயம். எழுதியவர்களின் வீட்டு ஆள் சிறையில் இருப்பதால் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் தம்பிக்குச் செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். கொலை நடந்ததாகச் சொல்லும் இரவில் அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்டில் இருந்தான். எங்கள் வக்கீல் அதை வாயால் சொன்னாரே தவிர ஆதாரம் எதுவும் தாக்கல் செய்யவில்லை. இப்போது கம்பெனி மேனேஜர் வருகைப் பதிவேட்டைத் தருகிறேன் என்கிறார். மதுரை ஹைகோர்ட்டில் அப்பீல் நிலுவையில் இருக்கிறது. அங்கே கொடுக்கலாமா மேடம்? — வாசகி, விருதுநகர் மாவட்டம்

கொடுக்கலாம் அம்மா. ஆனால் பதிவேட்டை வாங்கி வக்கீல் கையில் கொடுத்துவிட்டால் நீதிபதி பார்த்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். மேல்முறையீட்டில் சாட்சிக் கூண்டுக்கு வேலை இல்லை. கீழ் நீதிமன்றத்தில் அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) தொடங்கி கடைசி சாட்சி வரை சொன்னது, குறியீடு செய்யப்பட்ட ஆவணங்கள், தீர்ப்பு எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கட்டிய புத்தகம்தான் நீதிபதிகள் முன் இருக்கும். அதில் இல்லாத எதுவும் அவர்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

இதற்கு ஒரே விதிவிலக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 391ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 432. கூடுதல் சாட்சியம் அவசியம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதினால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு, தானே அதைப் பதிவு செய்யலாம். அல்லது செஷன்ஸ் நீதிமன்றத்தையோ மாஜிஸ்திரேட்டையோ பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். பெரும்பாலும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே உங்கள் தம்பியோ அவருடைய வக்கீலோ இருக்கலாம். அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். அதை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும்.

மனு விசாரணைக்கு வந்ததும் பெஞ்சிலிருந்து வரும் முதல் கேள்வி, "இதை ஏன் அப்போதே கொடுக்கவில்லை?" என்பதுதான். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு காசோலை வழக்கில் இதைத் திரும்பவும் அழுத்திச் சொன்னது. தக்க முயற்சி எடுத்தும் விசாரணையின்போது கொடுக்க முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது அந்த விஷயமே விசாரணை முடிந்த பிறகு தெரியவந்திருக்க வேண்டும். அந்த வழக்கில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட் பாஷையில் இப்படித்தான் சொல்வார்கள்), காசோலையில் உள்ள கையெழுத்து தன்னுடையது அல்ல என்று நிபுணர் அறிக்கை கேட்டார். விசாரணை நடந்தபோது வங்கியிலிருந்து மாதிரிக் கையெழுத்தை வரவழைக்கக்கூட அவர் முயலவில்லை. மனு தள்ளுபடி.

"முந்தைய வக்கீல் சரியில்லை" என்பது மட்டுமே உங்கள் காரணம் என்றால், அதை நீதிபதிகள் மதிய உணவு இடைவேளைக்கு முன்பே நாலு தடவை கேட்டிருப்பார்கள். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அப்போது கம்பெனியிடம் கேட்டீர்களா? கேட்டு மறுத்தார்களா? போலீஸ் விவகாரம் வேண்டாம் என்று பழைய மேனேஜர் பதிவேட்டை மறைத்தாரா? கம்பெனி கைமாறிய பிறகுதான் இது வெளியே வந்ததா? எது உண்மையோ அதைத் தேதியோடு பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். கூடவே ஒரு வேலை செய்யுங்கள். விசாரணை முடியும் தறுவாயில் நீதிபதி எதிரியிடம் நேரடியாகக் கேள்விகள் கேட்டுப் பதிலைப் பதிவு செய்திருப்பார் (பழைய பிரிவு 313). அந்தப் பக்கத்தின் நகலை முதலில் எடுங்கள். "நான் அன்று திருப்பூரில் இருந்தேன்" என்று தம்பி அதில் சொல்லியிருந்தால் உங்களுக்குப் பாதி பலம். "பொய் வழக்கு" என்ற இரண்டே சொற்களோடு நிறுத்தியிருந்தால், இது தீர்ப்புக்குப் பிறகு ஜோடித்த கதை என்று அரசுத் தரப்பு சொல்லும்.

இனி அந்தப் பதிவேடு. ஜெராக்ஸ் ஒற்றைத் தாள் உதவாது. தைத்துக் கட்டிய முழுப் பதிவேடு வேண்டும். பக்க எண்கள் வரிசையாக இருக்கின்றனவா? அந்தத் தேதிக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் அதே கையெழுத்தில், அதே பழக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா? அன்றிரவு அதே ஷிப்டில் இருந்த மற்றவர்களின் கையெழுத்துகள் உள்ளனவா? தம்பியின் பெயர் இரண்டு வரிகளுக்கு நடுவே இடுக்கி எழுதப்பட்டிருந்தால், அந்தப் பதிவேட்டைக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் தம்பிக்கு நீங்கள் செய்யும் உதவி. திருப்பூரில் பல இடங்களில் சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்த வாரத்துச் சம்பளப் பட்டியலில் ஷிப்டு எண்ணிக்கை பொருந்துகிறதா பாருங்கள். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் இருந்தால் இன்னும் நல்லது. அவை கம்பெனியின் கையில் மட்டும் இருக்கும் கணக்குகள் அல்ல.

இன்னொன்று. உள்ளே வந்த கையெழுத்து மட்டும் போதாது. இரவு எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டவன் சுவரேறிக் குதித்து விருதுநகர் போய்ச் சேர நான்கைந்து மணி நேரம் போதும் என்று அரசு வழக்கறிஞர் சொல்வார். சம்பவ இடத்தில் இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, வேறிடத்தில் இருந்ததாகச் சொல்பவருடையது. ஷிப்டு முடிந்து வெளியேறிய நேரம், நள்ளிரவு உற்பத்திக் குறிப்பு, பக்கத்து மெஷினில் இருந்தவர் என்று இடைவெளியை அடையுங்கள். கண்காணிப்பு கேமரா பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடுவது வழக்கம். தப்பித் தவறி ஹார்ட் டிஸ்க் இருந்தால், புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குரிய சான்றிதழ் இல்லாமல் அதை நீட்டாதீர்கள்.

பதிவேட்டை நிரூபிக்க யார் வருவார்? போன வருடம் சேர்ந்த மேனேஜர் வந்து பயனில்லை. அதை எழுதிய சூப்பர்வைசரைத் தேடுங்கள்.

கேள்வி: இந்த மனு போட்டவுடன் ஜாமீனில் விட்டுவிடுவார்களா? — வாசகர், திருச்சி மாவட்டம்

மாட்டார்கள். தண்டனையை நிறுத்திவைக்கக் கோருவது தனி மனு. ஆயுள் தண்டனைக் கைதி என்றால், அரசுத் தரப்பு எழுத்து மூலம் ஆட்சேபிக்க வாய்ப்புக் கொடுத்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கூடுதல் சாட்சியம் உண்மையிலேயே வலுவாக இருந்தால் அந்த மனுவில் அதைக் காட்டலாம். அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் வழக்கில் கண்ணால் கண்ட சாட்சி எங்கள் சொந்தக்காரர்தான். போலீஸ் மிரட்டியதால் பொய் சொன்னேன் என்று இப்போது அழுகிறார். நோட்டரி முன்னால் அபிடவிட் எழுதிக் கொடுக்கத் தயார். இது புதிய சாட்சியம் ஆகாதா? — வாசகர், சிவகங்கை மாவட்டம்

தம்பி, முத்திரைத்தாளில் எழுதிய மனமாற்றத்தை நம்பி ஆயுள் தண்டனையை ரத்து செய்த தீர்ப்பை நான் பார்த்ததில்லை. சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்து ஒன்று சொன்னார். இப்போது சத்தியம் செய்து வேறொன்று சொல்கிறார். இதில் எது பொய் என்று நீதிமன்றம் கேட்கும். இரண்டில் ஒன்று பொய்ச் சாட்சியம். அதற்கே சிறை உண்டு. அழுகிற உங்கள் உறவினருக்கு இதை யாராவது சொன்னார்களா?

குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 மார்ச் 1 அன்று வதோதராவில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். 2003இல் 21 எதிரிகளும் விடுதலை. முக்கிய சாட்சியான ஜாஹிரா ஷேக், பயத்தால்தான் மாற்றிச் சொன்னேன் என்று வெளியே வந்து சொன்னார். குஜராத் உயர் நீதிமன்றம் கூடுதல் சாட்சியத்தை ஏற்க மறுத்தது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அப்படி மறுத்தது தவறு என்று கூறி, வழக்கையே மகாராஷ்டிராவுக்கு மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2006இல் மும்பையில் 9 பேருக்குத் தண்டனை கிடைத்தது. இந்த 391ஆவது பிரிவு குற்றவாளிக்கு மட்டும் கொடுத்த சலுகை அல்ல என்பதையும் இதில் கவனியுங்கள். விடுதலையானவரைத் திரும்பக் கூண்டில் நிறுத்தவும் அதே வாசல்தான்.

ஆனால் ஜாஹிரா? அவர் மீண்டும் மீண்டும் மாற்றிப் பேசினார். 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவருக்கே நீதிமன்ற அவமதிப்புக்காக ஓராண்டுச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

உங்கள் உறவினர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அவர் வாயைத் தவிர வேறொன்றைத் தேடுங்கள். சம்பவ இடத்தில் நின்றேன் என்று சாட்சியம் சொன்ன நேரத்தில் அவர் உண்மையில் எங்கே இருந்தார்? ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு, ரேஷன் கடையில் ஒரு பில், வேலைத் திட்டத்தில் ஒரு வருகைக் குறிப்பு எதுவாவது இருக்கும். மனிதர் மாற்றிப் பேசினார் என்று அந்தக் காகிதத்தைத் தள்ள முடியாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். உச்ச நீதிமன்றமே தண்டனையை உறுதி செய்து, மறுசீராய்வு மனுவும் தள்ளுபடியான பிறகு, உண்மையான ஆதாரம் கிடைத்தால் என்ன செய்வது? வழியே இல்லையா? — வாசகர், தஞ்சாவூர்

ஐயா, இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், உங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

1994 ஆகஸ்டில் புனேவில் ஒரே வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் நாராயண் சேதன்ராம் சவுத்ரி, ராஜஸ்தான்காரர். 1998இல் தூக்குத் தண்டனை. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்து, மறுசீராய்வையும் தள்ளியது. வழக்கு முடிந்தது என்று எல்லாரும் கட்டி வைத்துவிட்டார்கள். 2018இல் அவர் தரப்பிலிருந்து ஒரு மனு போனது: குற்றம் நடந்தபோது நான் சிறுவன். ஆதாரம், பீகானேர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. அதில் பெயர் நாராயண் அல்ல, நிரானாராம். பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1.

நீங்கள் ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்திருப்பீர்கள். அப்பா பெயர், பிறந்த தேதி, சாதி, கையெழுத்து என்று ஒரு வரி. ஒரு மனிதனின் கழுத்து அந்த வரியில் தொங்கும் என்று எழுதுகிற ஆசிரியருக்குத் தெரியுமா? உச்ச நீதிமன்றம் புனே மாவட்ட நீதிபதியை விசாரித்து அறிக்கை தரச் சொன்னது. நாராயணும் நிரானாராமும் ஒரே ஆள்தானா என்பதில் வாதம் நீண்டது. 2023 மார்ச் 27 அன்று தீர்ப்பு: ஒரே ஆள்தான், சம்பவத்தன்று வயது பன்னிரண்டரை. சிறார் சட்டப்படி அதிகபட்சமே மூன்று ஆண்டுகள். அவர் இருந்ததோ 28 ஆண்டுகளுக்கு மேல், அதில் பெரும்பகுதி தூக்குக் கைதியாக. விடுதலை செய்தார்கள்.

அவர் கொலையே செய்யவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வயதுக்கு மட்டும் சட்டம் ஒரு தனி வாசல் வைத்திருக்கிறது. சிறார் என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம். "நான் அங்கே இல்லவே இல்லை" என்பதற்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. வினோதம்தான்.

மற்றபடி இருப்பவை: மறுசீராய்வு, அதன் பிறகு 2002இல் உச்ச நீதிமன்றமே உருவாக்கிய சீராய்வுக்குப் பிந்தைய குறைதீர் மனு. இரண்டும் ஊசிக் காதுகள். ஆனால் ஊசிக் காதிலும் நூல் நுழைந்திருக்கிறது. மகாராஷ்டிராவில் 2003இல் நடந்த ஒரு கொலை வழக்கில் ஆறு பேருக்கு உச்ச நீதிமன்றம் 2009இல் தூக்கு விதித்தது. உயிர் பிழைத்த சாட்சி, சம்பவம் நடந்தவுடனே போலீஸ் காட்டிய புகைப்பட ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் விசாரிக்கவே இல்லை. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்று, ஆறு பேரையும் விடுதலை செய்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்த ஆல்பம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. பதினாறு ஆண்டுகளாகக் கேஸ் கட்டுக்குள்தான் இருந்தது.

அதன் பிறகு ஆளுநர், குடியரசுத் தலைவர். கருணை மனு என்றால் "ஐயா, மன்னித்து விடுங்கள்" என்று எழுதுவது என நினைக்கிறார்கள். 1988இல் கேஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடியரசுத் தலைவர் வழக்கின் சாட்சியங்களையே ஆராய்ந்து, நீதிமன்றம் வந்த முடிவிலிருந்து வேறு முடிவுக்கு வரலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே புதிய ஆதாரத்தைக் கருணை மனுவில் விரிவாக வைப்பதில் தவறில்லை, வைக்கத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1997 முதல் ஒரு சுயேச்சை ஆணையம் பர்மிங்காமில் இயங்குகிறது. மேல்முறையீடு எல்லாம் முடிந்தவர்களின் வழக்கை எடுத்து ஆராய்ந்து, மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அதற்கு உண்டு. பீட்டர் சல்லிவன் என்பவர் 1987இல் கொலைக்குத் தண்டிக்கப்பட்டவர். 1986இல் எடுத்துப் பாதுகாத்த மாதிரியை நவீன டி.என்.ஏ. முறையில் சோதித்தபோது அது வேறொரு ஆணுடையது என்று தெரிந்து, 2025 மே மாதம் விடுதலையானார். உள்ளே கழிந்தது 38 ஆண்டுகள். இதே ஆணையம் 2008இல் அவர் மனுவை ஏற்க மறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கேயும் பாலும் தேனும் ஓடவில்லை. ஆனாலும் தட்டுவதற்கு ஒரு கதவாவது இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஓர் அமைப்பு இல்லை. வேண்டும் என்று கேட்கிற கட்சியும் என் கண்ணில் பட்டதில்லை. சிறைக் கைதிக்கு ஓட்டு இல்லையே.

கேள்வி: கோர்ட் தண்டித்த கொலைகாரனை ஏதாவது காகிதத்தைக் காட்டி வெளியே எடுக்க வழி சொல்லிக் கொடுக்கிறீர்களே, செத்தவர் குடும்பத்தைப் பற்றி நினைத்தீர்களா? — வாசகர், சேலம்

நினைக்கிறேன். இங்கிலாந்தில் 1975இல் ஒரு பதினொரு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். ஸ்டீபன் கிஸ்கோ என்ற அரசு வரித்துறைக் குமாஸ்தா 1976இல் தண்டிக்கப்பட்டார். சிறுமியின் உடையில் கிடைத்த விந்துக் கறையில் விந்தணுக்கள் இருந்தன. கிஸ்கோவின் உடல் விந்தணுக்களை உற்பத்தி செய்யவே இயலாதது. அந்தப் பரிசோதனை அவர் கைதான நாட்களிலேயே செய்யப்பட்டும் நடுவர் குழுவுக்குச் சொல்லப்படவில்லை. 1992இல் விடுதலை, அடுத்த ஆண்டே இறந்துபோனார். பதினாறு வருடம் அலைந்து மகனை மீட்ட தாயும் சில மாதங்களில் போய்விட்டார்.

உண்மையான கொலையாளி டி.என்.ஏ. மூலம் 2007இல்தான் தண்டிக்கப்பட்டான். அதுவரை அவன் முப்பது வருடம் வெளியே உலவிக்கொண்டிருந்தான். செத்தவர் குடும்பத்துக்கு யார் என்ன நியாயம் செய்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: தீர்ப்பு வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. அப்பீலே போடவில்லை. பணமும் இல்லை. மகன் உள்ளே இருக்கிறான். — தாய், புதுக்கோட்டை மாவட்டம்

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 60 நாள். தூக்குத் தண்டனை என்றால் 30. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு போடலாம். சிறையில் இருப்பவருக்கு ஆறு மாதத் தாமதத்தைப் பெரும்பாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உங்கள் மகன் சிறை அதிகாரியிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம். அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100. நாளைக்கே கூப்பிடுங்கள் அம்மா. நிலத்தை மட்டும் விற்காதீர்கள்.

கேள்வி: நான் ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கிறேன். ஆஸ்திரேலியாவில் நான்கு குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட தாய் விடுதலையானது பற்றிப் படித்தேன். விசாரணையின்போது இல்லாத அறிவியல் பிறகு வந்தால் அதுவும் புதிய சாட்சியமா? — மாணவி, கோயம்புத்தூர்

ஆகும். அதுதான் உண்மையிலேயே புதியது. மற்றதெல்லாம் பழைய காகிதம்.

காத்லீன் ஃபோல்பிக்கின் நான்கு குழந்தைகள் 1989க்கும் 1999க்கும் இடையே அடுத்தடுத்து இறந்தன. 2003இல் தண்டனை. நாட்குறிப்பில் தன்னைத் தானே குற்றம் சொல்லி எழுதியிருந்த வரிகளை ஒப்புதல் வாக்குமூலம் போல வாசித்தார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாய்தான் தன்னைக் குற்றம் சொல்லாமல் இருப்பாள்? பின்னாளில் மரபணுவை ஆராய்ந்தபோது, திடீர் இதய நிறுத்தத்தை உண்டாக்கக்கூடிய ஓர் அபூர்வ மாற்றம் தாயிடமும் இறந்த இரண்டு பெண் குழந்தைகளிடமும் இருந்தது தெரிந்தது. அது முன்னே வைக்கப்பட்டும் 2019இல் முடிந்த முதல் மறுபரிசீலனை விசாரணை அவர் குற்றவாளிதான் என்றது. 2021இல் 90 விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். இரண்டாம் மறுபரிசீலனை விசாரணை நடந்து, 2023 ஜூனில் மன்னிப்பு, டிசம்பரில் தண்டனை ரத்து.

இதோடு இங்கிலாந்தின் சாலி கிளார்க்கையும் சேர்த்துப் படியுங்கள். ஆய்வகத்துக்குப் போகிற பெண் கட்டாயம் படிக்க வேண்டியது. அவர் ஒரு வழக்கறிஞர். இரண்டு ஆண் குழந்தைகளைக் கொன்றதாக 1999இல் ஆயுள் தண்டனை. ஒரே வீட்டில் இரண்டு தொட்டில் மரணம் (காரணம் தெரியாமல் கைக்குழந்தை திடீரென இறப்பது) நேர 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று ஒரு பெரிய மருத்துவர் சாட்சி சொன்னார். 8,543இல் ஒன்று என்ற எண்ணை அதனாலேயே பெருக்கிக் கிடைத்த தொகை அது. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு பொதுவான மரபணுக்களும் ஒரே சூழலும் இருக்கும், அப்படிப் பெருக்கவே கூடாது என்பது உங்கள் முதலாண்டுப் புள்ளியியல். முதல் மேல்முறையீடு தோற்றது. பிறகுதான் ஆஸ்பத்திரிப் பதிவுகளிலிருந்து ஒரு சோதனை முடிவு கிடைத்தது: இரண்டாவது குழந்தையின் தண்டுவட நீரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி. விசாரணைக்கு வெகு முன்பே எடுத்த சோதனை. அரசுத் தரப்பு நோயியல் நிபுணருக்கு அது தெரிந்திருந்தும் எதிர்த்தரப்புக்குச் சொல்லவில்லை. 2003 ஜனவரியில் விடுதலை. 2007இல் சாலி இறந்துவிட்டார், நாற்பத்திரண்டு வயதில்.

நம் ஊருக்கு வருகிறேன். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் இளம் காதலர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில், மதுரைக் கிளையும் உறுதி செய்த தூக்குத் தண்டனையை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. டி.என்.ஏ. மாதிரிகளை எடுத்ததிலும் வைத்ததிலும் அனுப்பியதிலும் அத்தனை ஓட்டை. அந்தத் தீர்ப்பில்தான் நாடு முழுவதற்கும் விதி வகுத்தார்கள்: மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேடு வேண்டும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் பொட்டலத்தைத் திறக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது. நீங்கள் வேலைக்குப் போகும்போது இதெல்லாம் உங்கள் மேசையில் நடக்கப்போகிற சங்கதி.

கடைசியாக, உங்களுக்கும் மேலே கேள்வி கேட்ட எல்லாருக்கும் சேர்த்து. பத்து, இருபது வருடம் கழித்துப் புதிய சோதனை செய்ய வேண்டுமானால் அந்தச் சட்டையோ, ரத்தம் தோய்ந்த மண்ணோ, நகத் துணுக்கோ இருக்க வேண்டும். நம் செஷன்ஸ் தீர்ப்புகளில் தண்டனையை அறிவித்த பிறகு சான்றுப் பொருட்கள் பற்றி ஒரு பத்தி வரும். "மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் அழிக்கப்பட வேண்டும்" என்று இருக்கும். தண்டனை வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவதால் இதை யாரும் கவனிப்பதில்லை. தீர்ப்பு நகல் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அப்படி எழுதியிருந்தால், மேல்முறையீடு நிலுவையில் இருப்பதைக் காட்டி, பொருட்களை அழிக்காமல் பாதுகாக்க உத்தரவிடக் கோரி உங்கள் வக்கீலை ஒரு மனு போடச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதற்கு" என்பார். போடச் சொல்லுங்கள். மனு எண் ஆனதும் அதன் நகலை நீதிமன்றச் சொத்து அறைக் குமாஸ்தாவிடம் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.